கீழே கடை, மேலே குடித்தனம்: விலக்கு கேட்கும் முன் யோசிப்போம்



தீயணைப்பு விதிகளைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் கடைசியில் ஒரே தீர்மானம்தான் நிறைவேறுகிறது. "சிறு வணிகர்களுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும்" என்று கைதட்டி முடித்துவிட்டு, காபி குடித்துவிட்டுக் கலைந்து விடுகிறோம். உரிமம், தடையின்மைச் சான்று, ஆய்வு என்று அலைந்து சலித்தவர்களின் கோபம் அதில் இருக்கிறது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில், அதாவது கீழே கடையும் மேலே குடும்பமும் உள்ள கட்டடங்களில் தண்ணீர்த் தெளிப்பான் வைக்கும் விஷயத்தில், விலக்கு கேட்பது நமக்கே கேடாக முடியும் என்பது என் கருத்து. ஆங்கிலப் பெயரால் ஸ்பிரிங்க்ளர் என்று சொல்கிறார்களே, அதைத்தான் தெளிப்பான் என்று எழுதுகிறேன்.

நான் மதுரையில் 40 ஆண்டுகளாகக் காகிதம், நோட்டுப் புத்தகம் மொத்த வியாபாரம் செய்து வருபவன். பொறியாளன் அல்ல, பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவன். என் கிட்டங்கிக்கு மேலே இரண்டு குடித்தனங்கள் இருக்கின்றன. ஆகவே இது எனக்குத் தாளில் படித்த விஷயம் அல்ல.

நம் கட்டடங்கள் எப்படி இருக்கின்றன?

எந்த ஊர்க் கடைவீதியை எடுத்துக்கொண்டாலும் ஒரே அமைப்புதான். தரைத்தளத்தில் கடை, பின்கட்டில் கிட்டங்கி. முதல் மாடியில் மிஞ்சிய சரக்கு, அல்லது ஒரு தையற்கூடம், அல்லது டியூஷன் சென்டர். அதற்கு மேல் உரிமையாளர் குடும்பமோ வாடகைக் குடித்தனமோ. எல்லாருக்கும் பொதுவாக ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் கீழேதான் மின்சார மீட்டர்கள். மீட்டருக்கு முன்னால் காலி அட்டைப்பெட்டிகள். இப்போது அங்கேயே பேட்டரி ஸ்கூட்டரும் சார்ஜ் ஆகிறது.

பகலில் இந்த அமைப்பில் பெரிய பயம் இல்லை. கடையில் ஆள் இருக்கிறது. புகை வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். ஆபத்து இரவில்தான் வருகிறது. பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போகிறோம். உள்ளே லட்சக்கணக்கான ரூபாய்ச் சரக்கு இருக்கிறது, பார்க்க ஆள் இல்லை. மேலே பிள்ளை குட்டிகளோடு ஒரு குடும்பம் தூங்குகிறது. கீழே தீப்பிடித்தால் அவர்களுக்குத் தெரிவதற்குள் படிக்கட்டு முழுவதும் புகையாகிவிடும். படிக்கட்டு என்பது புகைக்குப் புகைபோக்கி மாதிரி. நெருப்பு மேலே வருவதற்கு வெகு நேரம் முன்பே புகை வந்துவிடும். இன்றைய சரக்கில் பிளாஸ்டிக், ரெக்சின், நுரைப்பஞ்சு கலக்காத சரக்கு ஏது? அவற்றின் புகையை நாலு மூச்சு இழுத்தால் ஆள் மயங்கி விழுந்துவிடுவார்.

நடந்ததைப் பார்ப்போம்

ஹைதராபாத்தில் சார்மினார் அருகே குல்சார் ஹவுஸ் பகுதி, நம் நகைக்கடை வீதிகளைப் போன்ற பழைய கடைவீதி. 2025 மே 18 ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. கீழே முத்து, நகைக் கடைகள். மேலே கடை உரிமையாளரின் கூட்டுக் குடும்பம். விடுமுறைக்கு வந்த உறவினரும் இருந்தார்கள். ஏறி இறங்க ஒரே குறுகிய வழி. 17 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் குழந்தைகள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. மின்கசிவே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. வாடகைக்கு வந்த அந்நியர் யாரும் இல்லை; வணிகரின் சொந்த ரத்தம்தான் மேலே தூங்கியது.

அதே ஊரில் 2023 நவம்பர் 13 அன்று நாம்பள்ளி பஜார்காட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்தது. தரைத்தளத்தில் ரசாயன டிரம்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே குடியிருந்தவர்களில் 9 பேர் உயிரிழந்தார்கள். 2022 செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனைக்கூடம், மேலே தங்கும் விடுதி என்றிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 8 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 23 அன்று அதே செகந்திராபாத்தில், பழைய சாமான் கிட்டங்கியின் மாடியில் படுத்திருந்த பீகார்த் தொழிலாளர்கள் 11 பேர் இறந்தார்கள். டெல்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8 அதிகாலையில் 43 பேர் போனார்கள். குடியிருப்புப் பகுதியில் இருந்த அந்தக் கட்டடத்தில் பைகள் தைக்கும் பட்டறைகள் நடந்தன. வேலையாட்களும் அங்கேயே படுத்திருந்தார்கள்.

நம் மாநிலத்திலும் பாடம் இல்லாமல் இல்லை. சென்னை ரங்கநாதன் தெருவில் 2008 செப்டம்பர் 1 அன்று நடந்த தீ விபத்தில் 2 ஊழியர்கள் இறந்தார்கள். தி.நகர் உஸ்மான் சாலையில் 2017 மே 31 அதிகாலையில் ஏழு மாடி ஜவுளிக் கட்டடத்தில் பிடித்த தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, பிறகு மொத்தத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. எங்கள் மதுரையில் 2020 தீபாவளியன்று நவபத்கானா தெரு ஜவுளிக் கடைத் தீயை அணைக்க வந்த தீயணைப்பு வீரர்கள் இருவர் மேல் பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. இருவரும் இறந்து போனார்கள். நம் சரக்கைக் காப்பாற்ற வந்தவர்கள் அவர்கள். அந்தத் தெரு வழியாகப் போகும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கும்.

இவற்றில் பல இரவிலோ விடியற்காலையிலோ நடந்தவை என்பதைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் கடைக்குள் வேலை செய்யக்கூடிய ஒரே காவல், ஆள் இல்லாமலே இயங்கும் காவல்தான்.

தெளிப்பான் எப்படி வேலை செய்கிறது?

தெளிப்பானைக் கண்டுபிடித்த கதை நமக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை வைத்திருந்த ஹென்றி பார்மலி என்பவர், தன் தொழிற்சாலையைத் தீயிலிருந்து காப்பாற்றுவதற்காக 1874ஆம் ஆண்டு இதற்கு உரிமை பதிந்தார். ஒரு தொழில்முனைவர் தன் சரக்கைக் காக்கச் செய்த சாதனம் இது. அதிகாரிகள் நம் தலையில் கட்டியது என்று நினைப்பது தவறு.

கூரையின் கீழ் குழாய் ஓடுகிறது. அதில் எப்போதும் அழுத்தத்துடன் தண்ணீர் நிற்கிறது. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தலை வீதம் தெளிப்பான்கள் தொங்குகின்றன. ஒவ்வொரு தலையின் வாயையும் சுண்டுவிரல் நகம் அளவுக் கண்ணாடிக் குமிழ் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. குமிழுக்குள் இருக்கும் திரவம் சூடேறினால் விரிந்து கண்ணாடியை உடைக்கும். உடனே தண்ணீர் பாயும். சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடையும். நம் கடைகளுக்குப் பெரும்பாலும் அதுதான். தகரக்கூரை போன்ற சூடான இடங்களுக்கு 79 டிகிரி மஞ்சள், 93 டிகிரி பச்சை என்று இருக்கின்றன.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைப் போக்க வேண்டும். சினிமாவில் ஒருவன் சிகரெட் பற்றவைத்தால் கட்டடம் முழுவதும் மழை கொட்டுவது போலக் காட்டுகிறார்கள். வழக்கமான தெளிப்பானில் அப்படி நடக்காது. எந்தத் தலையின் அருகே சூடு ஏறுகிறதோ அந்தத் தலை மட்டுமே திறக்கும். ஒரு மூலையில் தீ என்றால் ஒன்றோ இரண்டோ தலை திறக்கும். மற்றவை மூடியே இருக்கும். புகைக்கும் அது திறக்காது, ஊதுபத்திக்கும் திறக்காது.

தீ சிறிதாக இருக்கும்போதே தண்ணீர் விழுவதுதான் இதன் பலன். தீயணைப்பு வண்டி நெரிசலான தெருவில் வந்து, ஷட்டரை வெட்டி, குழாய் இழுத்துத் தண்ணீர் அடிப்பதற்குள் மூடைகள் கூரை வரை எரிந்துவிடும். தெளிப்பான் சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். தீ முழுவதும் அணையாவிட்டாலும், மேலே தூங்குபவர்கள் எழுந்து இறங்க அவகாசம் கிடைக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பில் நான்காம் பகுதி தீ பாதுகாப்பைப் பற்றியது. தெளிப்பானை எப்படி அமைப்பது என்பதற்கு ஐ.எஸ். 15105 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. விதித்தொகுப்பு பரிந்துரைதான், மாநில அரசு தன் விதிகளில் எடுத்துக்கொள்ளும்போது கட்டாயமாகிறது. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உள்ளன. அவற்றின்படி 18.30 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவை உயரக் கட்டடங்கள். அவற்றுக்குக் கெடுபிடி அதிகம்.

கலப்புக் கட்டடம் பற்றி விதித்தொகுப்பு சொல்வது எளிமையான நியாயம். ஒரே கட்டடத்தில் இருவித உபயோகம் இருந்தால், எது அதிக ஆபத்தோ அதற்கு உரிய விதியை முழுக் கட்டடத்துக்கும் பார்க்க வேண்டும். தீயைக் குறிப்பிட்ட நேரம் தாங்கி நிற்கும் சுவரால் இரண்டையும் பிரித்திருந்தால்தான் தனித்தனியாகக் கணக்கிடலாம். அதாவது, வீடு என்று வரி கட்டினாலும் கீழே கிட்டங்கி இருந்தால் கிட்டங்கியின் கண்ணோடுதான் அந்தக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும்.

தெளிப்பான் கட்டாயமா இல்லையா என்பது உயரம், பரப்பு, உபயோகம், அடித்தளம் உண்டா என்பதைப் பொறுத்தது. பூமிக்குக் கீழ் சரக்கு வைப்பவர்களுக்கு விதி கடுமையாக இருக்கும். நம்முடைய இரண்டு, மூன்று மாடிப் பழைய கட்டடங்களில் பல, கட்டாய வரம்புக்கு வெளியே நிற்கின்றன. உங்கள் கட்டடத்தின் நிலை என்ன என்பதை உள்ளூர்த் தீயணைப்பு நிலைய அலுவலரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வரம்புக்கு வெளியே இருப்பதால் நாம் பொறுப்புக்கு வெளியே போய்விடவில்லை. கவனக்குறைவால் மரணம் ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. பழைய சட்டத்தில் இது இரண்டாண்டாக இருந்தது. விலக்கு வாங்கிய அரசாணையைக் காட்டி நீதிமன்றத்தில் தப்பிக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். நீதிமன்றம் இருக்கட்டும், மேல் வீட்டு அம்மாள் முகத்தில் அதற்குப் பிறகு எப்படி விழிப்பது?

நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

முதல் கேள்வி, "தண்ணீர் பட்டு சரக்கு நாசமாகிவிடாதா?" காகிதக்காரனான என்னிடம் இதைக் கேட்காத ஆள் இல்லை. சாதாரணக் கடைகளுக்கான கணக்குப்படி ஒரு தலை நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் தண்ணீர் விடும். தீயணைப்புக் குழாய் நிமிடத்துக்குப் பல நூறு லிட்டர் அடிக்கும். தெளிப்பான் திறந்தால் அதன் கீழுள்ள பத்து, இருபது கட்டு நனையும். இல்லாவிட்டால் நனைந்தது போக மிச்சம் எரியும். நனைந்த காகிதத்தைப் பழைய விலைக்காவது போடலாம். சாம்பலை யார் வாங்குவார்?

தீ இல்லாமலே குழாய் ஒழுகினால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். நாம் வழக்கமாக எடுக்கும் தீ காப்பீட்டு பாலிசியில், தானியங்கித் தெளிப்பான் அமைப்பிலிருந்து தண்ணீர் கசிந்து ஏற்படும் நஷ்டமும் காப்பீடு பெறும் இடர்களில் ஒன்றாகவே இருக்கிறது. பாலிசித் தாளைப் புரட்டிப் பாருங்கள். அதன் விதிவிலக்குகளையும் படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, "செலவு தாங்குமா?" ஊருக்கு ஊர், கட்டடத்துக்குக் கட்டடம் விலை மாறும் என்பதால் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. ஆனால் ஒப்பந்தக்காரர் சொல்வதைச் சரிபார்க்க ஒரு மனக்கணக்கு சொல்கிறேன். சாதாரண ஆபத்துள்ள இடத்தில் ஒரு தலை அதிகபட்சம் 12 சதுர மீட்டரைக் காக்கும். உயரமாக அடுக்கிய, வேகமாக எரியும் சரக்குள்ள இடத்தில் 9 சதுர மீட்டர். 40 அடிக்கு 25 அடி கிட்டங்கி 1,000 சதுர அடி, அதாவது சுமார் 93 சதுர மீட்டர். 12ஆல் வகுத்தால் 8 தலை, 9ஆல் வகுத்தால் 11 தலை. என் கிட்டங்கி ஏறக்குறைய அந்த அளவுதான். வரிசைக்கு நான்காக மூன்று வரிசை, 12 தலை போட்டிருக்கிறோம். தலைகளும் குழாய்களும் பெரிய செலவு இல்லை. பம்பும் தொட்டியும்தான் பணத்தை இழுக்கும். ஒட்டியுள்ள இரண்டு, மூன்று கட்டடக்காரர்கள் சேர்ந்து ஒரே பம்பும் தொட்டியும் வைத்துக்கொள்ள முடியுமா என்று பொறியாளரிடம் கேட்கலாம்.

மூன்றாவது, "வீட்டு ஓவர்ஹெட் டேங்கில் இருந்து ஒரு பைப் இழுத்தால் போதாதா?" என்னிடம் விலை சொல்ல வந்த ஒருவரும் இதையே சொன்னார். பாதி விலைக்கு முடித்துத் தருவதாகவும் சொன்னார். அனுப்பிவிட்டேன். 10 மீட்டர் உயரத் தொட்டிக்குக் கீழே கிடைப்பது ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம்தான். அதிலும் குழாய் வளைவுகளில் கொஞ்சம் போய்விடும். தவிர, வீட்டார் குளித்து முடித்த நேரத்தில் தொட்டி காலியாக இருக்கும். தெளிப்பானுக்கென்று ஒதுக்கிய தண்ணீரை வேறெதற்கும் எடுக்க முடியாதபடி அமைக்க வேண்டும். எத்தனை தலை சேர்ந்து திறக்கலாம், எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று கணக்கிட்டுத் தொட்டி அளவைத் தகுதியுள்ள பொறியாளர்தான் சொல்ல வேண்டும். தீப்பிடித்ததும் மெயினை நிறுத்திவிடுவார்கள். ஆகவே பம்புக்கு மெயினுக்கு முன்னாலிருந்தே தனி மின் இணைப்போ, டீசல் பம்போ இருக்க வேண்டும். இதைக் கேட்காமல் யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்காவது, "கட்டடம் என்னுடையது இல்லையே, நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?" நம் உறுப்பினர்களில் பலர் வாடகைக்காரர்கள். உரிமையாளரோ, "சரக்கு உன்னுடையது, நீயே செய்" என்பார். தொட்டி, பம்பு, பிரதானக் குழாய் ஆகியவை கட்டடத்தோடு நிற்பவை, அதை உரிமையாளர் ஏற்கலாம். கிட்டங்கிக்குள் ஓடும் கிளைக் குழாய், தலைகள், ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றைக் கடைக்காரர் ஏற்கலாம். இது என் யோசனை, சட்டம் அல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிய வேண்டும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது இதையும் ஒரு ஷரத்தாகச் சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாவது, "இன்சூரன்ஸ் இருக்கிறதே, பிறகு என்ன?" சரக்கு பாலிசி சரக்குக்கு மட்டும்தான். ஐந்து கோடி ரூபாய் வரை மதிப்புள்ள நிறுவனங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. நல்ல பாலிசிதான். ஆனால் அதில் உங்கள் சரக்குக்குப் பணம் வரும், மேல் மாடியில் இறந்தவருக்கு வராது. அதற்கு மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். தெளிப்பான் வைத்திருப்பதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பிரீமியத்தில் சலுகை உண்டா என்று கேளுங்கள். கேட்காதவனுக்கு யாரும் தருவதில்லை.

வைத்தால் மட்டும் போதாது

தெளிப்பான் வைத்த இடங்களிலும் சில சமயம் அது வேலை செய்யாமல் போகிறது. அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கம் ஆராய்ந்தபோது, அப்படி வேலை செய்யாமல் போனவற்றில் பாதிக்கு மேல் ஒரே காரணம்: வால்வு மூடப்பட்டு அமைப்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஒழுகுகிறது என்று யாரோ மூடியிருப்பார்கள், திறக்க மறந்திருப்பார்கள். அந்த வால்வைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுங்கள். மாதம் ஒருமுறை அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பேரேட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

நம் கடைகளில் வேறு சில பழக்கங்களையும் விட வேண்டும். தெளிப்பான் குழாயில் பிளாஸ்டிக் குடம், பை, விளம்பரத் தட்டி எதையும் கட்டித் தொங்கவிடக் கூடாது. வெள்ளையடிக்கும்போது தலைகளின் மீது சுண்ணாம்போ பெயின்ட்டோ படக் கூடாது. பட்டால் அந்தத் தலையையே மாற்ற வேண்டும். தீபாவளிச் சரக்கு வந்தது, பள்ளி திறக்கும் சீசன் வந்தது என்று கூரையை முட்ட அடுக்கக் கூடாது. தலைக்கும் சரக்குக்கும் இடையே குறைந்தது அரை மீட்டர் இடைவெளி வேண்டும், உயர அடுக்குக்கு அதற்கு மேலும் வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் தண்ணீர் விரிந்து விழாது.

குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அடிக்கும் மணி ஒன்றைப் பொருத்துவார்கள். அந்த மணியைக் கடைக்குள் மட்டும் வைத்தால் பூட்டிய கடைக்குள் அது யாருக்குக் கேட்கும்? மேல் மாடி வராந்தாவில் இன்னொன்று வையுங்கள். என் கட்டடத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அடிக்கும்போது மேலே குடியிருக்கும் பாட்டி, "தம்பி, கேட்குதுப்பா" என்று குரல் கொடுப்பார். அதுதான் எங்களுக்குச் சான்றிதழ்.

தெளிப்பான் எல்லாவற்றுக்கும் மருந்தும் அல்ல. பட்டாசு, தின்னர், பெட்ரோல், கால்சியம் கார்பைடு போன்றவற்றைக் குடியிருப்புக்குக் கீழே வைக்கவே கூடாது. கார்பைடில் தண்ணீர் பட்டால் எரியும் வாயு கிளம்பும். இந்தச் சரக்கு வைத்திருப்பவர்கள் கிட்டங்கியை ஊருக்கு வெளியே மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இன்று முடியாதவர்கள் நாளைக்குள் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. படிக்கட்டைக் காலி செய்யுங்கள். மீட்டர் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் அட்டையையும் ஸ்கூட்டர் சார்ஜரையும் அகற்றுங்கள். கடைக்கும் படிக்கட்டுக்கும் இடையே ஜன்னலோ கதவோ இருந்தால் செங்கல் வைத்து அடையுங்கள். மாடிக்குச் சரக்கு தூக்கத் தளத்தில் விட்ட துவாரங்களையும் மூடுங்கள். மொட்டை மாடிக் கதவுக்கு வெளிப்பூட்டு வேண்டாம். பழைய தெருக்களில் நம் மொட்டை மாடியும் பக்கத்து வீட்டு மாடியும் ஒட்டியே இருக்கும். பக்கத்து வீட்டாரிடம் பேசி, ஆபத்தில் தாண்டிப் போக ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். கம்பி போட்ட ஜன்னல்களில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். இரவில் கடை மெயினை நிறுத்திவிட்டுப் பூட்டுங்கள். ஐஸ் பெட்டி, கேமரா போன்றவற்றுக்குத் தனி லைன் போட்டுக்கொள்ளலாம்.

சங்கம் கேட்க வேண்டியது என்ன?

அரசிடம் நாம் எதுவும் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறையக் கேட்க வேண்டும். விலக்குக்குப் பதிலாகப் பின்வருவனவற்றைக் கேட்போம் என்கிறேன்.

ஒன்று: இரண்டு, மூன்று மாடிக் கலப்புக் கட்டடங்களுக்கென்று எளிய அமைப்பு முறை ஒன்றை அரசு வகுத்துத் தர வேண்டும். பெரிய வணிக வளாகத்துக்கு உள்ள அதே பம்பறை, அதே தொட்டி என்றால் ஆயிரம் சதுர அடிக் கடைக்காரனால் முடியாது. கட்டடம் பழையது, இடம் குறைவு என்பதை ஏற்று, கீழ்த்தளக் கிட்டங்கிக்கு மட்டுமாவது தெளிப்பான் என்ற வகையில் தெளிவான வழி வேண்டும்.

இரண்டு: கட்டாயம் இல்லாத நிலையிலும் தானாக முன்வந்து வைப்பவர்களுக்குச் சொத்துவரியில் சில ஆண்டுகளுக்குச் சலுகை தர வேண்டும்.

மூன்று: ஆய்வுக்கு வரும் அலுவலர் குறைகளை எழுத்தில் தந்து, சரிசெய்ய நியாயமான கெடு கொடுக்க வேண்டும். வாய்வழியாகச் சொல்லிவிட்டுப் போவதில்தான் எல்லாச் சங்கடமும் ஆரம்பமாகிறது.

சங்கமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். நம்பகமான இரண்டு மூன்று பொறியாளர்களைத் தேர்ந்து வீதிவாரியாகக் கட்டடங்களைப் பார்வையிடச் செய்யலாம். பத்து இருபது கடைகள் சேர்ந்து தலை, குழாய், பம்பை மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை இறங்கும். மொத்தக் கொள்முதலில் விலை இறக்கும் வித்தையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த பொதுக்குழுவில் "விலக்கு" தீர்மானம் மறுபடி வந்தால் நான் எழுந்து எதிர்த்துப் பேசுவதாக இருக்கிறேன். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் வருவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கடை, கிட்டங்கியின் பரப்பு எத்தனை சதுர அடி, கட்டடத்தில் இறங்க எத்தனை வழி, இரவில் மேலே எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்ற மூன்று எண்களை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அந்தச் சீட்டுகளை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசுவோம்.